பெருங்குடல் தொற்றுக்கு வாய்வழி நானோ மருந்து: மெட்ரோனிடசோலை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

"நன்கு குலுக்கிவிட்டுக் கொடுக்கவும்" என்று ஒட்டியிருக்கும் மெட்ரோனிடசோல் (குடல் தொற்றுக்குக் கொடுக்கும் ஓர் ஆன்டிபயாடிக்) பாட்டிலை நம்மில் பலர் பார்த்திருப்போம். மாத்திரையாக விழுங்கினால் வாயெல்லாம் இரும்பு நக்கியதுபோல் ஒரு கசப்பு. குழந்தைகளுக்கான அந்தத் திரவத்தில் கசப்பு அவ்வளவாகத் தெரியாது. அதில் இருப்பது, மெட்ரோனிடசோலோடு பென்சோயிக் அமிலத்தை இணைத்த பென்சோயேட் எஸ்டர் என்ற வடிவம் என்பதுதான் காரணம். அது தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. கரையாததால் நாக்குக்குத் தெரிவதில்லை, அடியில் படிகிறது, குலுக்கவும் வேண்டியிருக்கிறது. இந்தக் கரையாத குணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைச் சுமக்கும் மிகச் சிறிய நானோதுகள் செய்யும்போது நமக்குக் கைகொடுக்கப் போவது அதுதான்.

எம்.ஃபார்ம், உயிர்த்தொழில்நுட்பம், நுண்ணுயிரியல் படிக்கும் மாணவர்கள் குடல் தொற்றுக்கு நானோதுகள் என்ற தலைப்பை எடுத்துவிட்டு, எங்கிருந்து தொடங்குவது என்று நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் துகளில் தொடங்குகிறார்கள். 150 நானோமீட்டரில் அழகான உருண்டை வந்துவிடும், படமும் எடுத்துவிடுவார்கள். அப்புறம்தான் அது எந்த நோய்க்கு, குடலின் எந்த இடத்துக்கு என்ற கேள்வி வரும். வரிசையைத் திருப்பிப் போடுவதற்காகத்தான் இந்த வழிகாட்டி. முதலில் இடம், அப்புறம் மருந்து, கடைசியில் துகள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆய்வகத்துக்கான குறிப்பு. வயிற்றுப்போக்கு வந்தவருக்கு முதலில் வேண்டியது உப்பு-சர்க்கரைக் கரைசல். பெரும்பாலான வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. தேவைப்படும்போது மருத்துவர்தான் தர வேண்டும்.

படி 1: கிருமி எங்கே உட்கார்ந்திருக்கிறது?

குடல் தொற்று என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் காலரா கிருமி சிறுகுடலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நச்சைச் சுரக்கிறது, செல்லுக்குள் போவதில்லை. டைபாய்டு கிருமி சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சுவரைத் துளைத்து, நம் பாதுகாப்புக்காக இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்களுக்குள்ளேயே குடியேறுகிறது. க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசிலி (இனிமேல் சி. டிஃப்) பெருங்குடலில் வளர்கிறது. சீதபேதியை உண்டாக்கும் என்டமீபா ஹிஸ்டோலிட்டிகாவுக்கும் இருப்பிடம் பெருங்குடல்தான்.

இந்த நான்குக்கும் ஒரே துகள் சரிப்படாது. காலராவுக்குத் துகளே வேண்டாம் என்பது என் கருத்து. இழந்த நீரை ஈடுகட்டுவதுதான் அங்கே உயிர் காக்கிறது, ஆன்டிபயாடிக்கும் ஒற்றை வேளையில் முடிந்துவிடுகிறது. டைபாய்டுக்குத் துகள் செல்லுக்குள் நுழைய வேண்டும். பெருங்குடல் நோய்களுக்கு அது வழியில் தொலையாமல் போய்ச் சேர வேண்டும், சேர்ந்த பிறகு கழிவோடு அடித்துச் செல்லப்படாமல் தங்கவும் வேண்டும். இங்கே நான் எடுத்துக்கொள்வது பெருங்குடலை, குறிப்பாகச் சி. டிஃப் தொற்றை. வேறு நோய்க்காக நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்து, குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்துபோன நோயாளிகளைத்தான் இது பெரும்பாலும் பிடிக்கிறது.

படி 2: இப்போதுள்ள மருந்து ஏன் போதவில்லை?

இந்தக் கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுத முடியவில்லை என்றால் ஆய்வைத் தொடங்காதீர்கள்.

மெட்ரோனிடசோலை விழுங்கினால் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிறுகுடலிலேயே இரத்தத்துக்குப் போய்விடுகிறது. நுரையீரலிலோ கல்லீரலிலோ தொற்று என்றால் அது வரம். பெருங்குடலின் உட்புறத்தில் இருக்கும் கிருமிக்கு அது ஒரு ஏமாற்றம். அங்கே போய்ச் சேர்வது, இரத்தத்திலிருந்து பித்தநீர் வழியாகவும் புண்பட்ட குடல்சுவர் வழியாகவும் கசியும் கொஞ்சம்தான். 1986இல் வெளியான ஓர் ஆய்வில் நோயாளிகளின் மலத்தில் மருந்து அளவை அளந்தார்கள். தண்ணீராகப் போகும்போது கிராமுக்கு சராசரியாக 9.3 மைக்ரோகிராம், கொஞ்சம் இறுகியதும் 3.3, நன்றாக இறுகிய பிறகு 1.2. அதாவது நோயாளி தேறத் தேற மருந்து குறைகிறது, கிருமி முழுதாக ஒழிவதற்கு முன்பே.

2014இல் வெளியான பெரிய சோதனையில் மெட்ரோனிடசோலால் குணமானவர்கள் 72.7 விழுக்காடு, வாங்கோமைசினால் 81.1 விழுக்காடு. வாங்கோமைசின் குடலில் உறிஞ்சப்படாமல் அப்படியே பெருங்குடலுக்கு வந்துவிடும் மருந்து என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2018இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டுதல் பெரியவர்களுக்கான முதல் தேர்விலிருந்து மெட்ரோனிடசோலை எடுத்துவிட்டது.

அமீபாவிலும் இதே கதைதான். மெட்ரோனிடசோல் குடல்சுவருக்குள் புகுந்த அமீபாவைக் கொல்கிறது. குடலின் உள்வெளியில் மிச்சமிருப்பதை ஒழிக்க டைலாக்சனைடு ஃப்யூரோயேட் அல்லது பாரோமோமைசின் என்று இரண்டாவதாக ஒரு மருந்தும் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆக, மருந்துக்குக் கிருமியைக் கொல்லும் திறன் இருக்கிறது. கிருமி இருக்கும் இடத்துக்கு அது போவதில்லை. இதுதான் நம் ஆய்வுக்கான நியாயம்.

அடுத்து ஒரு கடினமான கேள்வி: மேலே பூச்சு போட்ட சாதாரண மாத்திரையே பெருங்குடலுக்குப் போகுமே, நானோ எதற்கு? கொத்தவரைப் பிசினால் மூடிய மெட்ரோனிடசோல் மாத்திரைகளை இந்திய ஆய்வாளர்களே பல ஆண்டுகளுக்கு முன் செய்து காட்டிவிட்டார்கள். பூச்சு மருந்தைக் கொண்டுபோய் விடும், உண்மை. ஆனால் வயிற்றுப்போக்கு உள்ளவரின் பெருங்குடலில் எதுவும் நிற்பதில்லை. மாத்திரை துண்டு துண்டாக வெளியே போய்விடும். 2001இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வு 10 மைக்ரோமீட்டர், 1 மைக்ரோமீட்டர், 0.1 மைக்ரோமீட்டர் என்று மூன்று அளவுத் துகள்களை ஒப்பிட்டது. அழற்சி உள்ள பெருங்குடலில் மிகச் சிறியதுதான் அதிகம் ஒட்டியது. நானோவுக்கான நியாயம் இந்த ஒட்டுதலில் இருக்கிறது. உங்கள் ஆய்வு நிரூபிக்க வேண்டியதும் இதைத்தான். ஒப்பீட்டில் பூச்சு மாத்திரையை விட்டுவிட்டால் ஆய்வு பாதிதான்.

படி 3: வடிவமைப்பு

மூன்று அடுக்காக யோசியுங்கள். வெளியே யூட்ராஜிட் எஸ்100 (அமிலத்தில் கரையாத ஒரு பாலிமர்) பூசிய காப்ஸ்யூல், அதற்குள் பிஎல்ஜிஏ (மெல்லச் சிதையும் ஒரு பாலிமர்) நானோதுகள், துகளுக்குள் மெட்ரோனிடசோல் பென்சோயேட். காப்ஸ்யூலின் வேலை வழியில் திறக்காமல் இருப்பது, துகளின் வேலை பெருங்குடலில் தங்குவது. ஒன்றின் வேலையை இன்னொன்றின் தலையில் கட்டாதீர்கள்.

ஏன் பென்சோயேட்? வெறும் மெட்ரோனிடசோல் ஒரு மி.லி. தண்ணீரில் சுமார் 10 மி.கி. வரை கரையும், மூலக்கூறும் சின்னது. நீரில் துகள் செய்யும்போது அது உள்ளே நிற்காமல் வெளியேறிவிடும். பென்சோயேட்டுக்கு நீர் பிடிக்காது, பாலிமரோடு உள்ளேயே இருந்துவிடும். குடலில் எஸ்டரேஸ் நொதிகள் அதை வெட்டி மெட்ரோனிடசோலாக மாற்ற வேண்டும். சிரப்பில் அந்த வேலை சிறுகுடலில் நடக்கிறது. பெருங்குடலிலும் போதுமான வேகத்தில் நடக்குமா என்பதை நாம் அளந்து காட்டியாக வேண்டும். படி 8இல் அதற்கு வருகிறேன்.

கைட்டோசான் பூச வேண்டாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். இறால் ஓட்டிலிருந்து வரும் பொருள், மலிவு, நேர்மின்னேற்றம் உள்ளது, எதிர்மின்னேற்றம் கொண்ட சளிப்படலத்தில் நன்றாக ஒட்டும். இரண்டு காரணங்களால் இங்கே நான் அதைத் தவிர்ப்பேன். முதலாவது, கைட்டோசானின் பிகேஏ (அதன் மின்னேற்றத்தில் பாதி போய்விடும் பிஎச்) சுமார் 6.5. பெருங்குடலின் பிஎச் அதை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதால் அந்த நேர்மின்னேற்றத்தில் பெரும்பகுதி போய்விடும். இரண்டாவது, சளியின் வெளி அடுக்கு தொடர்ந்து கழன்று போய்க்கொண்டே இருக்கிறது, வயிற்றுப்போக்கில் இன்னும் வேகமாக. வெளி அடுக்கில் ஒட்டியது அதோடு சேர்ந்து போகும். பொலாக்ஸமர் (சோப்புக் குணமுள்ள ஒரு பாலிமர்) போர்த்திய துகள் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வாய்ப்பு அதிகம். இது என் தேர்வு. நேரமிருந்தால் இரண்டையும் செய்து ஒப்பிடுங்கள், நல்ல ஆய்வுக் கட்டுரை ஆகும்.

படி 4: துகளைத் தொடும் முன் கணக்கு போடுங்கள்

நான் பார்த்த ஆய்வேடுகளில் இந்தக் கணக்கு அநேகமாக இருப்பதே இல்லை.

சி. டிஃப் தொற்றுக்கு வழக்கமான மெட்ரோனிடசோல் அளவு 500 மி.கி., நாளுக்கு மூன்று வேளை. உங்கள் துகளில் மருந்துச் சுமை (துகளின் எடையில் மருந்தின் பங்கு) 8 விழுக்காடு என்று வையுங்கள். உலர்த்தும்போது துகளின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை சேர்க்கிறோம். ஒரு பெரிய காப்ஸ்யூலில் 400 மி.கி. பொடி கொள்ளும் என்றால் அதில் துகள் 200 மி.கி., பென்சோயேட் 16 மி.கி. பென்சோயேட்டின் மூலக்கூறு எடை 275, மெட்ரோனிடசோலுக்கு 171. ஆக, 16 மி.கி. பென்சோயேட் என்பது சுமார் 10 மி.கி. மெட்ரோனிடசோல்.

500 எங்கே, 10 எங்கே! ஆனால் மனம் தளர வேண்டாம். அந்த 10 மி.கி. முழுவதும் பெருங்குடலில் 250 மி.லி. திரவத்தில் கலந்தால் மி.லி.க்கு 40 மைக்ரோகிராம் வரும். மருந்துக்குக் கட்டுப்படும் சி. டிஃப் வகைகளைத் தடுக்க 1 அல்லது 2 மைக்ரோகிராம் அளவே பெரும்பாலும் போதும். பெருங்குடலும் மருந்தை உறிஞ்சும் என்பதால் 40 என்பது எட்டக்கூடிய உச்சம் மட்டுமே. ஆனாலும் முயற்சி செய்ய இடம் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. மருந்துச் சுமை 1 விழுக்காடாக இறங்கிவிட்டால் இடம் இல்லை. அப்போது மருந்தையோ பாலிமரையோ மாற்றுங்கள்.

படி 5: துகள் செய்தல்

முறையின் பெயர் நானோ வீழ்படிவு. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

50:50 விகிதப் பிஎல்ஜிஏ 50 மி.கி., மெட்ரோனிடசோல் பென்சோயேட் 6 மி.கி. இரண்டையும் 5 மி.லி. அசிட்டோனில் கரையுங்கள். இன்னொரு பீக்கரில் 0.5 விழுக்காடு பொலாக்ஸமர் 188 கரைசல் 20 மி.லி. எடுத்து மேக்னெடிக் ஸ்டிரரில் மிதமான வேகத்தில் சுற்றவிடுங்கள். சிரிஞ்சு பம்பில் நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் அசிட்டோன் கரைசலை உள்ளே விடுங்கள். ஊசி நுனி திரவத்துக்குள் மூழ்கியிருக்கட்டும். உடனே நீலச் சாயலுடன் பால் போலக் கலங்கினால் நல்ல அறிகுறி. தயிர் திரிந்ததுபோல் திப்பித்திப்பியாக வந்தால் பாலிமர் செறிவு அதிகம், பாதியாகக் குறைத்துப் பாருங்கள்.

ஃபியூம் ஹூடில், திறந்த பீக்கரில், இரவு முழுவதும் சுற்றவிட்டால் அசிட்டோன் போய்விடும். அதற்கு மேல் நாள்கணக்கில் நீரில் போட்டு வைக்காதீர்கள். பிஎல்ஜிஏ நீரில் மெல்ல உடையும். மெட்ரோனிடசோல் பென்சோயேட்டுக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நீரில் இருக்கும்போது நீரேற்ற வடிவத்துக்கு மாறிப் பெரிய படிகமாக வளரும். சிரப் தயாரிப்பவர்களுக்குப் பழகிய தலைவலி அது.

டைகுளோரோமீத்தேன் வைத்துச் செய்யும் முறையும் உண்டு. ஆனால் எச்சக் கரைப்பான்களுக்கான பன்னாட்டு வரையறையில் அதற்கு 600 பிபிஎம்தான் அனுமதி, அசிட்டோனுக்கு 5000 பிபிஎம். விழுங்கப் போகும் மருந்துக்கு அசிட்டோனே நல்லது.

மருந்து போடாத வெற்றுத் துகளையும் அதே நாளில், அதே முறையில் செய்துவிடுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு சோதனையிலும் அது கூடவே வரும்.

படி 6: என்ன செய்தோம் என்று அளத்தல்

முதலில் வடிகட்டல். 1 மைக்ரோமீட்டர் வடிகட்டியிலோ, குறைந்த வேக சென்ட்ரிஃபியூஜிலோ பெரிய படிகங்களை நீக்குங்கள். இதை விட்டுவிட்டுப் பலர் பொய்க் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். அடைப்புத் திறனை (போட்ட மருந்தில் துகளுக்குள் போன பங்கை) அளக்கும் வழக்கமான வழி, 20,000 ஜி விசையில் சுழற்றித் துகளை அடியில் இறக்கி, மேலே நிற்கும் தெளிநீரில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று பார்த்து, மீதியெல்லாம் துகளுக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வது. நீரில் கரையும் மருந்துக்கு அது சரி. நம் மருந்தோ கரையாதது. துகளுக்குள் போகாமல் வெளியே படிகமாக நின்ற மருந்தும் துகளோடு சேர்ந்து அடியில் இறங்கும். தெளிநீரில் மருந்தே இல்லை, அடைப்புத் திறன் 98 விழுக்காடு என்று எழுதிவிடுவோம்! அதனால் அடியில் படிந்த துகளை உலர்த்தி, எடை போட்டு, அசிட்டோனைட்ரைலில் கரைத்து, ஹெச்பிஎல்சியில் (கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் அளக்கும் கருவி) நேரடியாக அளந்துவிடுங்கள். எடுத்துக்காட்டாக, போட்ட 6 மி.கி.யில் 4.2 மி.கி. துகளில் இருந்தால் அடைப்புத் திறன் 70 விழுக்காடு, மருந்துச் சுமை 4.2 / 54.2, அதாவது 7.7 விழுக்காடு.

சுழற்றும் வேகத்தை ஆர்பிஎம்மில் எழுதாதீர்கள், ஜி மதிப்பில் எழுதுங்கள். ரோட்டர் மாறினால் ஆர்பிஎம்முக்குப் பொருளே இல்லை.

அளவுக்கு ஒளிச்சிதறல் கருவி. 100 முதல் 200 நானோமீட்டருக்குள், பரவல் குறியீடு (துகள்களின் அளவு எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டும் எண்) 0.2க்குக் கீழே வந்தால் நல்லது. துகளின் மேற்பரப்பு மின்னேற்றத்தைக் காட்டும் ஜீட்டா மின்னழுத்தத்தைத் தூய நீரில் அளக்காமல் 1 மில்லிமோலார் உப்புக் கரைசலில் அளங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வரும். மைக்ரோஸ்கோப் படம் அவசியம்தான், ஆனால் அழகான ஒரு மூலையை மட்டும் எடுக்காதீர்கள்.

படி 7: உலர்த்துதல், காப்ஸ்யூலில் அடைத்தல்

ஃப்ரீஸ் டிரையரில் உலர்த்தும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க ஒரு சர்க்கரை வேண்டும். எல்லோரும் கை வைப்பது ட்ரெஹலோஸில். வேறு எந்த ஆய்வென்றாலும் நானும் அதையே சொல்வேன். ஆனால் இங்கே நோய் சி. டிஃப். அதன் கொள்ளைநோய் வகைகளான 027, 078 இரண்டும் மிகக் குறைந்த ட்ரெஹலோஸையும் உணவாக்கிக்கொள்ளும் என்று 2018இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. மனிதர்களில் அதன் தாக்கம் எவ்வளவு என்பது பிறகு விவாதத்துக்கு உள்ளானது. இருந்தாலும், ஒழிக்கப் போகும் கிருமிக்கு நாமே சாப்பாடு கட்டிக்கொண்டு போகவேண்டிய அவசியம் என்ன? இன்னொரு வழக்கமான தேர்வான மானிட்டாலையும் சி. டிஃப் நொதிக்கும். அதனால் சுக்ரோஸ் போதும்.

அளவிலும் கவனம் வேண்டும். 5 விழுக்காடு சர்க்கரை என்று புத்தகத்தில் இருக்கும். அதாவது மி.லி.க்கு 50 மி.கி. உங்கள் துகள் மி.லி.க்கு 5 மி.கி.தான் இருக்கிறது என்றால், உலர்ந்து வரும் பொடியில் பத்துக்கு ஒன்பது பங்குக்கும் மேல் சர்க்கரைதான். படி 4இல் போட்ட கணக்கு காலி. முதலில் துகளை அடர்த்தியாக்கிக்கொள்ளுங்கள், பிறகு எடைக்கு எடை சர்க்கரை சேருங்கள். உலர்ந்த பொடியை மறுபடி நீரில் போட்டுக் கலக்கினால் பழைய அளவு திரும்ப வர வேண்டும். 150 இருந்தது 400 ஆகிவிட்டால் சர்க்கரை போதவில்லை.

பொடியை ஹெச்பிஎம்சி (செல்லுலோஸ் வகை) காப்ஸ்யூலில் அடையுங்கள். ஜெலட்டின் மேல் பூச்சு சரியாகப் பிடிக்காமல் விரிசல் விடும். யூட்ராஜிட் எஸ்100ஐ ஐசோபுரோப்பனால்-அசிட்டோன் கலவையில் கரைத்து, பாலிமர் எடையில் 10 விழுக்காடு, பூச்சை வளையவைக்கும் ட்ரைஎத்தில் சிட்ரேட் சேர்த்துப் பூசுங்கள். சதுர செ.மீ.க்கு 5 மி.கி. பாலிமரில் தொடங்கிப் பாருங்கள். காப்ஸ்யூலின் உடலும் மூடியும் சேரும் இடம்தான் எப்போதும் முதலில் கசியும், அங்கே முன்கூட்டியே ஒரு சுற்றுப் பூசிவிடுங்கள்.

எஸ்100 பிஎச் 7க்கு மேல் கரையும். சிறுகுடலின் கடைசியில் பிஎச் சுமார் 7.4 வரை போகும், பெருங்குடல் தொடங்கும் இடத்தில் மறுபடி 6 பக்கம் இறங்கிவிடும். அதனால் அந்தக் குறுகிய இடைவெளியில்தான் பூச்சு கரையத் தொடங்க வேண்டும். வயிற்றுப்போக்கில் உணவு வேகமாக ஓடும்போது காப்ஸ்யூல் திறக்காமலே வெளியே வந்துவிடலாம். இதற்கு ஒரு மாற்று வழி: பெருங்குடல் பாக்டீரியா அரித்துத் தின்னும் மாச்சத்தையோ பெக்டினையோ எஸ்100உடன் கலந்து பூசுவது. பிஎச் கைவிட்டால் பாக்டீரியா திறந்துவிடும்.

படி 8: வெளியீட்டுச் சோதனை

காப்ஸ்யூலை 37 டிகிரியில் முதலில் 2 மணி நேரம் பிஎச் 1.2 அமிலத்திலும், அடுத்து 3 மணி நேரம் பிஎச் 6.8 கரைசலிலும், அப்புறம் 7.4இலும் வைத்துப் பாருங்கள். முதல் 5 மணி நேரத்தில் மருந்து ஏறக்குறைய வரவே கூடாது. பூச்சு திறந்த பிறகு, துகளிலிருந்து மருந்து 24 மணி நேரத்துக்குள் பெரும்பகுதி வெளியே வர வேண்டும். 50:50 பிஎல்ஜிஏ முழுவதும் உடைய வாரக்கணக்கில் ஆகும், பெருங்குடலில் நமக்குக் கிடைப்பதோ ஒன்று இரண்டு நாள். மருந்து பாலிமரிலிருந்து ஊடுருவித்தான் வெளியே வர வேண்டும். மெதுவாக வருகிறது என்றால் மூலக்கூறு எடை குறைந்த பிஎல்ஜிஏவுக்கு மாறுங்கள்.

கரையாத மருந்து என்பதால், சோதனைத் திரவத்தில் அது எவ்வளவு கரையும் என்று முன்பே அளந்து, அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதபடி திரவ அளவை வையுங்கள். யூவி கருவியை நம்பினால் இன்னொரு வழுக்கல் உண்டு. மெட்ரோனிடசோலின் உச்ச உறிஞ்சல் அமிலத்தில் 277 நானோமீட்டர் பக்கம், நடுநிலைக் கரைசலில் 320 பக்கம். ஒரே அளவுகோட்டை இரண்டுக்கும் போட்டால் எண்கள் எல்லாம் தப்பு. ஹெச்பிஎல்சி இருக்கும்போது அதையே பயன்படுத்துங்கள், பென்சோயேட்டையும் மெட்ரோனிடசோலையும் தனித்தனியாகக் காட்டும்.

அது இங்கே மிக அவசியம். எலியின் பெருங்குடல் தொடக்கப் பகுதியிலிருந்து எடுத்த உள்ளடக்கத்தை ஆக்சிஜன் இல்லாத நிலையில் 4 விழுக்காடு கலந்த கரைசலில் துகளைப் போட்டு, பென்சோயேட் எவ்வளவு வேகமாக மெட்ரோனிடசோலாக மாறுகிறது என்று மணிக்கு மணி அளங்கள். ஒன்று கவனியுங்கள்: அதே பாக்டீரியா மெட்ரோனிடசோலையும் சிதைக்கும். எனவே அளவு கூடிப் பிறகு குறையும். அந்த வளைவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

படி 9: கிருமியோடு நேருக்கு நேர்

மெட்ரோனிடசோல் தானாக நஞ்சு அல்ல. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிக்குள் போனதும், அதன் நைட்ரோ பகுதி ஒடுக்கப்பட்டு, அப்போது உருவாகும் பொருள் டிஎன்ஏவை உடைக்கிறது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் இது நடக்காது. மெட்ரோனிடசோல் துகளைச் சாதாரண இன்குபேட்டரில் ஈ. கோலை மீது சோதித்து, தடைவட்டம் (கிருமி வளராத வட்டம்) வந்தது என்று எழுதிய ஓர் ஆய்வேட்டை நான் படித்திருக்கிறேன். வந்த வட்டம் மருந்தால் அல்ல, கைட்டோசானாலோ எஞ்சிய அமிலத்தாலோ வந்திருக்க வேண்டும். அந்த மாணவரின் இரண்டு ஆண்டு உழைப்பு அது. யாராவது முன்பே சொல்லியிருக்கலாம் என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே ஆக்சிஜன் இல்லாத அறை கட்டாயம். புரூசெல்லா அகாரில் ஹீமின், வைட்டமின் கே1, உடைத்த செம்மறி இரத்தம் சேர்த்து, 48 மணி நேரம் வளருங்கள். ஹீமின் இல்லாத ஊடகத்தில் சில சி. டிஃப் வகைகளின் மெட்ரோனிடசோல் எதிர்ப்பு கண்ணுக்கே தெரியாது. ஹீமின் ஒளியில் கெடும், தட்டுகளை இருட்டில் வையுங்கள். சி. டிஃப் உயிர்ப்பாதுகாப்பு நிலை 2 கிருமி. அதன் வித்துகள் சாராயக் கைகழுவலுக்கு மசியாது, சோப்பும் தண்ணீரும்தான்.

தடுப்பு அளவு மட்டும் பார்த்து நிறுத்தாமல், திரவ ஊடகத்தில் நேரத்துக்கு நேரம் எடுத்து உயிருள்ள கிருமிகளை எண்ணுங்கள். கலங்கலை வைத்து முடிவு செய்ய முடியாது, துகளே கலங்கலாக இருக்கும். ஐந்து மாதிரிகள் பக்கத்துப் பக்கம் இருக்கட்டும்: மருந்துத் துகள், வெற்றுத் துகள், வெறும் மெட்ரோனிடசோல், வெறும் பென்சோயேட், வெற்றுத் துகளும் மருந்தும் வெளியே கலந்த கலவை. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். துகளுக்குள் அடைத்ததால் பயன் வந்ததா, வெறுமனே இரண்டும் சேர்ந்திருந்ததால் வந்ததா என்பதை அதுதான் காட்டும். வித்துகளை மெட்ரோனிடசோல் கொல்லாது. அதனால் வித்து எண்ணிக்கையைத் தனியாக எடுங்கள்.

நல்ல நுண்ணுயிர்களைப் பற்றியும் நேர்மையாக எழுதுங்கள். பெருங்குடலின் பாக்டீராய்டிஸ் போன்றவை மெட்ரோனிடசோலுக்கு எளிதில் சாகும். மருந்தைப் பெருங்குடலில் கொட்டினால் அவையும் சாகும், நானோ என்பதால் மாறிவிடாது. குறைந்த அளவு, குறைந்த நாள் என்று பாதிப்பைச் சுருக்க முடிகிறதா என்பதை 16எஸ் வரிசை ஆய்வில் (எந்தெந்தப் பாக்டீரியா இருக்கின்றன என்று மரபணு மூலம் காட்டும் முறை) பார்க்கலாம். ஒரு மருந்து குணமாக்குகிறதா என்பதோடு, நோய் திரும்பி வருகிறதா என்பதும் இந்தக் கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது. 2011இல் வந்த ஒப்பீட்டில் நோய் திரும்பியவர்கள் வாங்கோமைசினில் 25.3 விழுக்காடு, நல்ல நுண்ணுயிர்களை அதிகம் தொடாத ஃபிடாக்சோமைசினில் 15.4 விழுக்காடு.

படி 10: செல், விலங்கு

செல் சோதனைக்குக் காகோ-2 என்ற மனிதக் குடல் செல் வகை மட்டும் போதாது, அதற்குச் சளி சுரக்கத் தெரியாது. சளி சுரக்கும் ஹெச்டி29-எம்டிஎக்ஸ் செல்லையும் சேர்த்து 21 நாள் வளர்த்து, அதன் மேல் துகளை வைத்து, கழுவிய பிறகு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

விலங்கில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. எலியின் குடல் பிஎச் எங்குமே 7ஐத் தொடுவதில்லை. எஸ்100 பூச்சு எலியில் ஒழுங்காகக் கரையாது. மனிதனுக்கு வேலை செய்யும் காப்ஸ்யூலைத் தோற்றுப்போனது என்று எறிந்துவிடுவோம். அதனால் கேள்வியை இரண்டாகப் பிரியுங்கள். துகள் பெருங்குடலில் தங்கி வேலை செய்கிறதா என்பதை, துகளை நேராக எலியின் பெருங்குடலில் செலுத்திப் பாருங்கள். காப்ஸ்யூல் சரியான இடத்தில் திறக்கிறதா என்பதை மனிதரில்தான் பார்க்க முடியும்.

2008இல் வந்த சுண்டெலி மாதிரி இன்று அதிகம் பயன்படுகிறது: குடிநீரில் ஐந்து ஆன்டிபயாடிக் கலவை மூன்று நாள், இரண்டு நாள் இடைவெளி, கிளிண்டாமைசின் ஊசி, மறுநாள் சி. டிஃப். அந்த ஐந்தில் மெட்ரோனிடசோலும் ஒன்று! இடைவெளியைக் குறைத்தால் மிச்சமிருக்கும் மருந்து உங்கள் முடிவைக் கெடுக்கும். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி கையில் வரும் வரை ஒரு எலியையும் வாங்காதீர்கள். எத்தனை விலங்கு தேவை என்பதைப் புள்ளியியல் கணக்கோடு எழுதினால் குழுவில் கேள்வியும் குறையும், வீணாகச் சாகும் உயிரும் குறையும்.

படி 11: மனிதரை நோக்கி

இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடத் தனி வழிகாட்டுதல் 2019 அக்டோபரில் உயிரித் தொழில்நுட்பத் துறையால் வெளியிடப்பட்டது. அளவு, பரவல், மேற்பரப்பு, வெளியீடு, நிலைத்தன்மை என்று அது கேட்கும் பட்டியலை ஆய்வின் முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள். ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற மருந்துதானே என்று நினைக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்து விதிகளின்படி, பழைய மருந்தைப் புதிய முறையில் கொண்டு சேர்த்தாலும் அது புதிய மருந்துதான்.

அதற்கு முன்னால் உலர்ந்த பொடியை 2 முதல் 8 டிகிரியிலும் அறை வெப்பத்திலும் வைத்து, 1, 3, 6 மாதங்களில் அளவு, மருந்துச் சுமை, படிக நிலை மூன்றையும் அளந்து வையுங்கள். பொடியில் ஈரம் ஏறினால் படிகம் வளரும் என்பதால் ஈரப்பதத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மனிதரில் முதல் சோதனைக்கு மருந்துகூட வேண்டாம். வெற்றுத் துகளோடு சிறிதளவு இண்டியம்-111 என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து, அதே பூச்சுப் போட்ட காப்ஸ்யூலில் அடைத்து, ஒப்புதல் தந்த ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் கொடுத்து, காமா கேமராவில் மணிக்கு மணி படம் எடுப்பார்கள். முதலில் வயிற்றில் ஒரு புள்ளியாகத் தெரியும், பிறகு சிறுகுடலில் அதே புள்ளி நகரும். அந்தப் புள்ளி வலது இடுப்புக்கு மேலே, பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பரவித் தேய்ந்தால் பூச்சு சரி. அதற்கு முன்பே பரவினாலோ, கடைசி வரை புள்ளியாகவே போனாலோ, படி 7க்குத் திரும்பிப் பூச்சின் கனத்தை மாற்ற வேண்டும்.